மலைப்பக்கம் திருப்பிய நான்கு கோடுகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் தன் இஷ்டத்துக்கு நடக்கிறதே தவிர மற்றபடி நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். முதலில் ஒன்றைச் சரிசெய்துவிடுகிறேன். உன் அத்தை போனில் உன்னிடம் சொன்னபடி எதுவும் நடக்கவில்லை. நான் புத்தி தடுமாறி, வழி தெரியாமல் மலைச்சரிவில் உட்கார்ந்திருக்கவில்லை. தெருவை அகலப்படுத்த வந்திருக்கும் இயந்திரத்தின் முன்னால் படுத்து மறியலும் செய்யவில்லை. பொறியாளரைக் குடையால் அடித்தேன் என்பது சுத்தப் பொய். நான் குடையை நீட்டிப் பாறையைக் காட்டினேன், அவர் தானாகப் பின்னால் நகர்ந்து கொட்டகைத் தகரத்தில் இடித்துக்கொண்டார். உன் அப்பாவின் திசைகாட்டியைப் பாறைமேல் வைத்து அளப்பதற்காகத்தான் அங்கே போனேன். எழுபத்தெட்டு வயதில் நின்றுகொண்டு அளக்க வராது, அதனால் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

எதற்கு அளந்தேன் என்று சொல்கிறேன், பதறாமல் படி. தெருவுக்காக நம் வீட்டுப் பக்கத்து மலையடியைச் செங்குத்தாக வெட்டுகிறார்கள். போன வாரம் வெட்டிய இடத்திலிருந்து ஒரு பாறைப்பலகை, நம் கூடத்துக் கட்டில் அளவு இருக்கும், சத்தமே இல்லாமல் வழுக்கி இறங்கித் தெருவில் உட்கார்ந்தது. எல்லோரும் தேநீர் குடிக்கப் போயிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் போய்ப் பார்த்தேன். அது விட்டுவந்த இடம் முழுக்கக் காக்காப்பொன், அதுதான் மைக்கா, கண்ணாடிபோல் வழவழவென்று தெருவைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. மஞ்சள் தொப்பி (பொறியாளருக்குத் தெருவில் அதுதான் பெயர்) சிரித்துக்கொண்டே, "அது சும்மா தோல் உரியுதும்மா, உள்ள இரும்பு மாதிரி இருக்கு" என்றார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் அவர் கையில் வைத்துக்கொண்டு வெட்டுவது உன் அப்பா நிலவியல் வேலையில் இருந்தபோது போட்ட, நாற்பது வருஷத்துக்கு முந்தைய வரைபடம். அதில் பாறை அடுக்குகள் மேலிருந்து கீழ்வரை எல்லாமே மலைக்குள் சாய்வதாக இருக்கிறது. அப்படியானால் ஒரு பலகை எப்படித் தெருப்பக்கம் வழுக்கும்?

வீட்டுக்கு வந்து, அப்பா போனதிலிருந்து பூட்டியிருந்த அலமாரியைத் திறந்து, அப்பா மலையில் எழுதிய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். இனி எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவின் பென்சில் வரைபடங்களை மையில் நகலெடுத்தது நான் என்பது உனக்குத் தெரியும். அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்ட, நீளக் கோட்டின் நடுவில் ஒரு குட்டிக் கோடு போடுவார். அது நிற்கும் பக்கம்தான் சாய்வு. இது நிலவியல் படித்த உனக்குப் பாலபாடம், எனக்கு அன்று தெரியாது. அந்த மலையின் தாளில் மேலே இருந்த குட்டிக் கோடுகள் எல்லாம் மலைப்பக்கமும், அடியில் நான்கு மட்டும் தெருப்பக்கமும் இருந்தன. வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் நாலு பேர் மட்டும் முதுகைக் காட்டி நிற்பதுபோல் இருந்தது எனக்கு. தூறலில் முழங்காலில் வைத்து வரைந்ததில் கை தவறியிருக்கிறார் என்று நினைத்தேன். கான்வென்டில் எங்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் ஒரு கோடு பிசகினால் தாளையே கிழிப்பார், அந்தப் பழக்கம். நான்கையும் மலைப்பக்கம் திருப்பி அழகாக வரைந்தேன். அப்பா அப்போது காய்ச்சலில் படுத்திருந்தார். "நீ போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று தலையணையில் சாய்ந்தபடியே கையெழுத்துப் போட்டார்.

குறிப்பேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறார்: அடியில் நான்கு இடங்களிலும் சாய்வு தெருப்பக்கம், பாறை மடிப்பின் முதுகு மலையின் பாதி உயரத்தில் ஓடுகிறது. நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது மேசைமேல் கம்பளியை விரித்து, இரண்டு பக்கமும் பிடித்துத் தள்ளி அவர் உனக்குக் காட்டியது எனக்கு இப்போதுதான் உறைத்தது. இருநூற்றைம்பது கோடி வருஷத்துக் கல் பூமிக்கடியில் வெந்து, இளகி, கம்பளிபோல் மடிந்தது என்பார். முதுகுக்கு அந்தப்பக்கம் மலைக்குள் சாய்ந்தால் இந்தப்பக்கம் தெருவுக்குத்தானே சாயும்? நான் திருத்தியது தப்பை அல்ல, மலையை. நானே போய் ஐந்து இடத்தில் அளந்தேன். நான்கு தெருப்பக்கம். ஐந்தாவது இடத்தில் முள் ஒரு நிலையில் நிற்காததால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வெட்டிய பாறைக்கு நேர் கீழே தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். மதியத்தில் அங்கேதான் தெரு வேலை செய்யும் பெண்கள் சாப்பிட்டுவிட்டுச் சாய்கிறார்கள், இரண்டு கைக்குழந்தைகள் வேறு. அதற்கு அடுத்தது தையல்காரர் வீடு. சமையலறை ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிகிறது. ஒரு சிறு கல் உருண்டாலும் கையிலிருக்கும் பாத்திரத்தை நழுவவிடுகிறேன். நம் பின்சுவரில் புதிதாக ஒரு விரிசல், நேற்று சுண்டுவிரல் நுனி போனது, இன்று கணு வரை போகிறது. இன்னும் பத்து நாளில் மழை வரும் என்கிறார்கள். காக்காப்பொன் நனைந்தால் எப்படி வழுக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். நீயும் பாறைக்கடியில் வேலை செய்கிறவள், தலைக்கவசத்தை வெயில் என்று கழற்றி வைக்காதே.

முதல் நாள் மஞ்சள் தொப்பியிடம் வரைபடம் தப்பு என்று மட்டும் சொன்னேன். "பாட்டி, இது சார் போட்ட மேப்பு, நீங்களே சாரைத் தப்புங்கறீங்களே, அப்பவே வீட்டுல சண்டையா?" என்றார், ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் கை செய்த தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று போட்டேனே கோடு, அதைவிட இந்த மௌனம்தான் என்னை அரிக்கிறது. மூன்று நாள் அப்படியே போய்விட்டது. இன்று காலை குறிப்பேட்டோடு போய் எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டேன். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "எனக்குப் புரியுதும்மா. ஆனா இதைப் படிச்சவங்க யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்காம மிஷினை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். வியாழக்கிழமை வரை மறுகோடியில் வேலை செய்வதாகவும் கொட்டகையை அங்கே மாற்றுவதாகவும் சொன்னார். கொட்டகை இன்னும் மாறவில்லை.

அச்சுக்கடைக்காரர் இந்தக் கடிதத்தையும் குறிப்பேட்டின் ஆறு பக்கங்களையும் படமெடுத்து உனக்கு அனுப்புகிறார். சரிபார்த்து, நான் சொல்வது தப்பென்றால் அதையும் ஒளிக்காமல் எழுது. சரியென்றால், புதிதாக அளக்கும்வரை அடியை வெட்டக் கூடாது என்று எழுது. பிழை வரைந்தவளுடையது, அளந்தவருடையது அல்ல என்பதையும் சேர்த்துக்கொள். அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று அந்த வரியை மட்டும் விட்டுவிடாதே. குழந்தையை நேரத்தோடு தூங்க வை. மாப்பிள்ளைக்கு என் அன்பு. உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

போன் செய்யாதே, போனில் என்னைச் சமாதானம்தான் செய்வாய். வியாழக்கிழமைக்கு முன் பதிலைக் காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன் அம்மா