நாடா பதிந்த இடம்

மார்ச் 3
நரிக்குடி மொக்கையன் கடைக்கு மிளகாய் வத்தல் மூட்டை கொண்டுவந்தார். மேலே நயம் சரக்கு, அடியில் சோடை. கையை விட்டு அள்ளிக் காட்டினேன். "ஒன்ன ஏமாத்த ஏலாது தாயி" என்று சிரிக்கிறார். எல்லாத் தடவையும் இதே கதைதான்.

பக்கத்து வீட்டு சுகந்தி நைட்டியோடு வத்தல் வாங்க வந்தாள். "ஏன்டி, பாயிலருந்து அப்படியே எந்திரிச்சு வந்துட்டியா?" என்றேன்.

இடுப்பில் பாவாடை நாடா பதியும் இடத்துப் புண் மறுபடி கசிகிறது. மஞ்சள் அரைத்துப் போட்டேன்.

மார்ச் 11
நாடாவை மேலே ஏற்றிக் கட்டிப் பார்த்தேன். இடுப்பில் செருகும் பணப்பை நிற்கவில்லை. பழைய இடத்துக்கே இறக்கி இறுக்கிக்கொண்டேன். மூட்டைக்கு மூட்டை குனிகிறவள் வேறு எப்படிக் கட்டுவது?

மார்ச் 19
பாவாடையில் ரத்தம். புண்ணின் ஓரம் தடித்துச் சொரசொரவென்று இருக்கிறது. வலி இல்லை. வலி இல்லை என்றுதானே இத்தனை வருஷம் விட்டேன். தொடை இடுக்கில் நெறி வேறு கட்டியிருக்கிறது.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "ஏறு வண்டில, மதுரைக்கு."
"ஆம்பள டாக்டருன்னா நான் வரல."
"மாட்டு டாக்டருன்னாலும் காட்டத்தான் செய்யணும்."

மார்ச் 22
பெண் டாக்டர்தான். ஓரத்தில் துளி சதை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

ஏப்ரல் 2
தோல் புற்றுநோய். நாடா உரசி உரசி வந்ததாம்.

சர்க்கரைப் புண்ணாக இருக்கும் என்றல்லவா நினைத்துப் போனேன். "நாடா கட்டுனதுக்கெல்லாமா புத்துநோய் வரும்?" என்று சண்டைக்கே போய்விட்டேன். டாக்டர் கோபப்படவில்லை. "எல்லாருக்கும் வராதும்மா. அபூர்வம்தான். ஒரே எடத்துல வருஷக்கணக்கா ஒரசி, புண்ணாகி, ஆறி, திரும்பப் புண்ணானா மேல்தோல் செல்லு சில பேருக்கு இப்படி மாறிடும். சீக்கிரம் வந்தா வெட்டி எடுத்தாலே போதும். நெறியில எறங்கியிருக்கான்னு பாக்கணும்."

சீக்கிரம் வந்தா. நான் எங்க சீக்கிரம் வந்தேன்?

ஏப்ரல் 14
சித்திரை ஒன்று. நாளைக்கு ஆபரேஷன். கடை பூட்டிக் கிடக்கிறது.

ஏப்ரல் 29
நெறியிலும் இருக்கிறதாம். கதிர்வீச்சுக் கரண்டு வைக்க வேண்டும் என்கிறார்கள். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்விட்டு வெகுநேரம் கழித்து வந்தார். கண் சிவந்திருந்தது. "வெளிய ஒரே தூசி" என்றார். சரி, தூசி.

ஜூன் 17
இடுப்பில் இனி எதையும் கட்டக் கூடாது. மெலிந்து பாதியான உடம்பில் நைட்டி மாட்டி, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்தேன். சுகந்தி வந்தாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

மொக்கையன் மூட்டையோடு வந்தார். என்னைத் தாண்டி வீட்டுக்காரரிடம், "தாயி இல்லையா? இவுக யாரு, ஒங்க அக்காவா?" என்றார். பிறகு அடையாளம் தெரிந்து அப்படியே நின்றுவிட்டார்.

நான் எழுந்து மூட்டைக்குள் கைவிடப் போனேன். "நீ உக்காரு தாயி" என்று அவரே மூட்டையைத் தலைகீழாகக் கொட்டினார். "அடியில சோடை கெடக்கு. கழிச்சுட்டு எடுத்துக்க."

அந்த மனுஷன் தானாக அப்படிச் சொன்னதே கிடையாது.

உள்ளே போய்க் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன்.