இடப்பக்கத்து வெண்கலக் கட்டை

பிப்ரவரி 9, 2025
ஸ்டீயரிங் இடப்பக்கம் திரும்ப மறுக்கிறது. லட்லோ சாலை வளைவில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி மேவிஸ் சிரித்தாள். "என்னப்பா, முரட்டு மாட்டை இழுக்கிற மாதிரி இழுக்கிறே?" அறுபத்தேழில் பிறந்த ட்ரையம்ப் கார். என்னைப் போல அதற்கும் மூட்டுவலி என்றேன்.

பிப்ரவரி 11
கிளைவுக்குப் போன் செய்தேன். வண்டியின் அடிப்பகுதியை ஏழு வருடமாகப் பார்ப்பவன் அவன்தானே. "ஏப்ரலில்தான் எண்ணெய் விட்டேன், வாத்தியாரே. டயர்ல காத்து இருக்கான்னு பாரு."

நாற்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2018 மே முதல் அரசுச் சோதனை கட்டாயமில்லை என்று அறிவித்ததும், எங்கள் பழைய கார் கிளப் அந்த ஏப்ரலிலேயே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டது. ஏப்ரல் முதல் ஞாயிறு, ஒருவர் வண்டியை இன்னொருவர் பார்த்து அட்டையில் கையெழுத்திட வேண்டும். தன் விடைத்தாளைத் தானே திருத்துகிறவனின் கண் தானாகவே மன்னித்துவிடும் அல்லவா? கிளைவின் பிரேக் என் பொறுப்பு. என் ஸ்டீயரிங் அவன் பொறுப்பு.

பிப்ரவரி 15
டயரில் காற்று சரியாக இருக்கிறது.
இடது முன்சக்கரத்தைக் கழற்றினேன். ஸ்டீயரிங் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் கூம்பு முளை அசையவே இல்லை. ஊடுருவும் எண்ணெய் ஊற்றி விட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 17
மூன்றாம் நாள். முளையைக் கீழிருந்து அடித்தால் அதன் மரைதான், திருகுப்புரிதான், கெடும். நட்டைக் கொஞ்சம் தளர்த்தி விட்டுவிட்டு, முளை உட்கார்ந்திருக்கும் கண்ணின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டக் கொடுத்து, மறுபக்கம் அடிக்க வேண்டும். பொய் சொல்லும் பையனிடம் நேராகக் கேட்டால் வாயை இறுக்கிக்கொள்வான். பக்கவாட்டில் ஒரு கேள்வி போட்டால் உண்மை விழும். அப்படித்தான்.

மேவிஸ் சுத்தியலைப் பிடித்துக்கொண்டாள். "என் விரல்ல பட்டா நாளைக்குச் சமையல் நீதான்." ஆறாவது அடியில் 'டக்'. இருவரும் குழந்தைகள் மாதிரிக் கத்தினோம்.

பிப்ரவரி 18
கம்பியில் குற்றமில்லை.
சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில் ஒரு வெண்கலக் கட்டை உண்டு. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அதற்குள் மரையோடு மரையாகச் சுழலும். அங்கேதான் வருடாவருடம் எண்ணெய் விட வேண்டும். கையெழுத்து முழுக்க அதற்காகத்தான்.

கட்டையைக் கழற்றினேன். உள்ளே துளி எண்ணெய் இல்லை. துருத்தூள். தண்டின் மரையில் நகம் தடுக்கியது — விரிசல்.

எண்ணெய் விடும் துளையை ஒரு சிறு திருகு மூடியிருக்கும். 2017 குளிர்காலத்தில் இதையெல்லாம் நானே கறுப்பு அடித்தேன். திருகின் மேல் அந்தப் பெயிண்ட் அப்படியே இருக்கிறது. ஒரு கீறல் இல்லை. என் தூரிகையின் ஒற்றை மயிர் திருகிலிருந்து கட்டைக்குக் குறுக்கே ஒட்டிக் கிடக்கிறது.

யாரும் அதைத் திறக்கவே இல்லை. ஏழு கையெழுத்து.

பிப்ரவரி 19
இடப்பக்கம் மேவிஸ் உட்காரும் பக்கம்.

பிப்ரவரி 22
கிளைவ் வீட்டுக்குப் போனேன். கட்டையை மேசையில், அவன் டீக்கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

"ஞாயித்துக்கிழமை பேப்பர் வாங்கப் போற வண்டி. அதுக்கு என்ன ஆயிடப் போகுது?"

"அப்போ ஏன்டா கையெழுத்து போட்டே?"

"நீ அட்டையை நீட்டிட்டு நிப்பே. இல்லேன்னா உன் மூஞ்சி தொங்கிப்போகும். கீழே படுக்கணும் வாத்தியாரே, ஏப்ரல்ல தரை எல்லாம் ஈரம்."

ஈரமாம்! மேவிஸ் மடியில் பூந்தொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவாளே, அந்தச் சக்கரம் மடங்கியிருந்தால் — என்ன சொல்லியிருப்பான்? தரை ஈரம் என்றா?

வாசல் வரை வந்தான். "நீயும் என் பிரேக்கைப் பாக்காமத்தான் போடுறேன்னு நெனச்சேன். எல்லாரும் அப்படித்தானே?"

அதுதான் தாங்கவில்லை. வருடாவருடம் நாலு சக்கரத்தையும் கழற்றினேனே. என்னையும் தன்னைப் போலவே நினைத்துக்கொண்டு, என்னோடு எத்தனை கோப்பை பீர் குடித்திருக்கிறான்!

மார்ச் 8
குதிரைப் பந்தய மைதானத்தில் பழைய கார் உதிரிபாகச் சந்தை. மூன்று கடைகளில் வலப்பக்கத்துத் தண்டுதான் கிடைத்தது. அது உதவாது, வலத்துக்கு வலமரை, இடத்துக்கு இடமரை. வின்னி என்ற பருத்த அம்மாள் பன்றியிறைச்சி ரொட்டியைக் கடித்தபடி பெட்டியைக் காலால் தள்ளினாள்.

"இடது வேணுமா கண்ணு? எல்லாருக்கும் அந்தப் பக்கம்தான் போவுது. ஓட்டுறவன் பக்கத்தைத்தான் அவனவன் கவனிக்கிறான்."

தண்டும் கட்டையும் ஜோடியாகக் கிடைத்தன. என் கதை அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் முகம் சுட்டது. நானும் ஏழு வருடத்தில் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லையே.

மார்ச் 16
புதுத் தண்டையும் கட்டையையும் பூட்டிவிட்டேன். எண்ணெய் மேலே கசியும் வரை விட்டேன். ஸ்டீயரிங் ஒரு விரலுக்குத் திரும்புகிறது. மேவிஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 6
கிளப் ஞாயிறு. என் அட்டையை வின்னியிடம் கொடுத்தேன், அவளும் புதிதாகச் சேர்ந்த உறுப்பினராம். மூச்சு வாங்கப் படுத்து, திருகைத் திறந்து, எண்ணெய் தோய்ந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டிய பிறகே கையெழுத்திட்டாள்.

கிளைவ் தன் அட்டையோடு தள்ளி நின்றான். அவன் வண்டி என் பொறுப்பு என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாங்கவில்லை. நான் போய் வாங்கினேன். நாலு சக்கரத்தையும் கழற்றினேன், பிரேக்கைப் பார்த்தேன், பூட்டினேன், கையெழுத்திட்டேன். இந்த வருடத்தோடு சரி என்றேன். தலையாட்டினான்.

நான் நகர்ந்ததும் கைவிளக்கை எடுத்துக்கொண்டு மண்டியிட்டான். பிறகு தன் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, நான் செய்த வேலையை ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தான்.

காலையில் மழை பெய்திருந்தது. தரை ஈரமாகத்தான் இருந்தது.