நம் அணியை எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா

தொழிற்சாலைக் கேன்டீன் வாசலில் இன்று ஒரு மேசை போட்டிருந்தார்கள். மேசைமேல் உறை பிரிக்காத ஜெர்சிகள். விற்க நின்ற பெண் ஒன்றை உதறி என் முகத்துக்கு நேரே விரித்தாள். புது அச்சு மையின் நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. "வாங்கக்கா, நம்ம கூலிம் டீம் லா. ஸ்டாஃபுக்கு டிஸ்கவுண்ட் இருக்கு" என்றாள். மார்புப் பக்கம் பார்த்தேன். நம் சின்னமான எங்காங், அந்த இருவாய்ச்சிப் பறவை, இருந்த இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம், அதன் நான்கு பக்கமும் கம்பி கம்பியாகக் கோடுகள். ஷிப்ட் முழுக்க உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடியில் நான் பார்த்துச் சலிக்கிற மின்னணுச் சில்லுதான் அது. வாய்க்குள் புளித்த நீர் ஊறியது. சோற்றைத் தொடாமல் கழிப்பறைக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

உனக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். மற்றவர்கள் பூசி மெழுகிச் சொல்வார்கள். நான் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நம் காற்பந்து அணி இப்போது நம் ஊரில் இல்லை. கோலா கெத்திலிலிருந்து பெயர்த்து கூலிமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெயர் போய்விட்டது, பறவை போய்விட்டது, ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். லீக்கில் நாம் பிடித்திருந்த இடம் மட்டும் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அதை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்த இடத்துக்கு நாம் எப்படி வந்தோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிகிறது. பழைய மேனேஜர் ஒருநாள் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அணியைக் கலைத்துவிடலாமா என்று உன் அத்தாவின் நாசி கண்டார் சோற்றுக்கடையில் உட்கார்ந்து ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நீ உள்ளே இருந்து கறி ஒட்டிய கையோடு வந்து, "நான் பாத்துக்கறேன்" என்றாய். சிரித்தார்கள். "பொம்பள மேனேஜரா?" என்று ஒருவர் கேட்டார். "சோத்துக்கு என் கிட்டதான வர்றீங்க, ஆட்டத்துக்கு வந்தா என்ன கொறஞ்சு போவுது?" என்று கேட்டுவிட்டு, நீ பாட்டுக்கு உள்ளே போய்விட்டாய். மறுநாள் என்னைத்தான் இழுத்தாய். "சரசு, நீ வாடி. தனியா நின்னா இவனுங்க என்னைத் தின்னுடுவானுங்க." இடைநிலைப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்தே உனக்கு 'முடியாது' என்று சொல்ல எனக்குத் தெரியாது.

வெறும் புல்வெளியாகக் கிடந்த நம் பாடாங்கை நீதான் காற்பந்துத் திடலாக்கினாய் என்று சொன்னால் மிகையில்லை. ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் பெரிய ரோடு. மழை பெய்தால் தெற்கு மூலையில் முழங்கால் அளவு சேறு. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே இடம் கிடைக்காது. தோட்டத்து லயங்களிலிருந்து லாரியில் வருவார்கள். பள்ளிவாசலிலிருந்து பெரியவர்கள் நேரே நடந்து வருவார்கள். இரும்புக்கடைச் சீனர் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, யாருக்கும் தராமல் உட்கார்ந்திருப்பார். ஊரில் வேறு எங்கும் ஒன்றாக நிற்காத ஆட்கள் திடலின் எல்லைக் கயிற்றுக்குப் பின்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

மேல் லீக்குக்கு உயர்வதற்கான அந்த ஆட்டத்தை மறக்க முடியுமா? வானமே இடிந்து விழுகிற மழை. யான் ஊரின் வயற்காட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற நம் கோல்கீப்பர் ஹாபிஸ், பெனால்டியைப் பாய்ந்து தட்டிவிட்டான். நீ கோட்டைத் தாண்டி ஓடினாய், சேற்றில் வழுக்கிக் குப்புற விழுந்தாய். தலைத்துணியெல்லாம் சேறு, பல்லெல்லாம் சேறு. தூக்கிவிடப் போன என்னையும் இழுத்துத் தள்ளினாய். "மேல போயிட்டோம்டி, மேல போயிட்டோம்!" அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியாத ஒரு சத்தம் என்னிடமிருந்து வந்தது.

அதற்குப் பிறகு ஒருமுறை லீக்கிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். புது அணிகளை எந்தெந்த ஊரில் தொடங்கலாம் என்று விசாரித்துக்கொண்டு வந்தவர், உன் கடையில் சாப்பிட்டுக்கொண்டே பெரிய ஊர்களாகச் சொல்லிக்கொண்டு போனார். நீ அவருக்கு மீன் தலையை வைத்துக்கொண்டே கேட்டாய்: "பெரிய ஊர்ல மால் இருக்கு, சினிமா இருக்கு. அவங்களுக்கு எதுக்கு சார் இன்னொண்ணு? யானுக்குக் குடுங்க. சிக்குக்குக் குடுங்க. பாலிங்குக்குக் குடுங்க. சாயங்காலம் ஆனா ரோட்டோரம் சும்மா நிக்கிற ஊராப் பாத்துக் குடுங்க லா." அவர் சிரித்து மழுப்பினார். நீ சிரிக்கவில்லை. அணி எங்கே இருக்க வேண்டும் என்பது உனக்கு விளையாட்டுப் பேச்சாக இருந்ததே இல்லை.

பிறகு உன் சிறுநீரகம் உன்னைக் கைவிட்டது. படுக்கையில் விழுந்தபிறகும் உன் கவலையெல்லாம் அணியைப் பற்றித்தான். அப்போதுதான், அணியை வாங்கி நடத்துகிறேன் என்று, டத்தோ பட்டம் பெற்ற அந்த மனிதர் வந்தார். பினாங்கில் வியாபாரம், நல்ல தமிழ், நல்ல சிரிப்பு. சுங்கை பட்டாணி மருத்துவமனையில் உன் கட்டிலருகே நின்று உன் கையைப் பிடித்துக்கொண்டார். நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்: "டீம எங்கயும் கொண்டு போக மாட்டீங்களே?" அவர் கண் கலங்கிச் சொன்னார்: "என்ன தங்கச்சி இப்படிக் கேக்கற? கெத்தில் பேரு, கெத்தில் பாடாங். நான் இருக்கற வரைக்கும் மாறாது." நான் கட்டிலின் இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அவர் போனபிறகு நீ பல நாளுக்குப்பின் கஞ்சி கேட்டுக் குடித்தாய். அதற்காகவே அவரை நான் கும்பிட்டேன். இப்போது அந்தக் கும்பிட்ட கையைப் பார்க்கவே கூசுகிறது.

உன்னை அடக்கம் செய்த அன்று அணி முழுவதும் வந்தது. பெண்களோடு நான் வாசலில் நின்றுகொண்டேன். சந்தூக்கைத் தோளில் ஏற்றியவர்களில் ஹாபிஸும் இருந்தான்.

வருடம் திரும்பவில்லை, ஹோட்டலில் கூட்டம் என்று அழைப்பு வந்தது. சுங்கை பட்டாணியில், குளிரூட்டிய மண்டபம், வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள். ஆதரவாளர்கள் சார்பில் நான் போனேன். கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞன் திரையில் வரைபடத்தைக் காட்டிப் பேசினான். கூலிம், பட்டர்வொர்த், ஷா ஆலம், ஜொகூர். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வட்டம். பெண்ணுக்கு வரன் பார்ப்பதுபோல் ஒவ்வோர் ஊரின் சம்பளம், கார், கடைத்தெரு, நெடுஞ்சாலை என்று வரிசையாகச் சொன்னான். கோலா கெத்திலைப் பற்றி ஒரே வரி: "ஃபேன்ஸ் இருக்காங்க, ஆனா வாங்கற சக்தி இல்ல."

ஃபேன்ஸ் இருக்காங்க. அதைச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டான். அதற்குமேல் ஓர் அணிக்கு என்ன வேண்டும் என்று அந்த மண்டபத்தில் யாரும் கேட்கவில்லை. கறிபாப் பலகாரத் தட்டு கைமாறிக்கொண்டிருந்தது.

கூலிம் என்று முடிவானதை அறிவித்தார்கள். தொழிற்பேட்டை இருக்கிறதாம், ஆள் இருக்கிறார்களாம். அதன்பிறகு விளக்கை மங்கலாக்கினார்கள். திரையில் உன் படம் வந்தது. பெருநாளுக்குப் புதுத்துணி உடுத்தி நீ சிரிக்கிற படம், பின்னால் ஒரு சோகப் புல்லாங்குழல். எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். டத்தோ மைக்கைப் பிடித்தார். "அவங்க இருந்திருந்தா இந்த முடிவத்தான் எடுத்திருப்பாங்க" என்றார்.

நான் குரலை உயர்த்திக் கேட்டேன். "டத்தோ, நீங்க அவ கட்டில் பக்கத்துல நின்னப்ப நானும் அங்கதான் நின்னேன். அன்னிக்கு என்ன சொன்னீங்கன்னு இங்க சொல்லுங்க."

அவர் முகம் சுளிக்கவில்லை. அதே நல்ல சிரிப்பு. "அக்கா, சாகப்போற ஆளுக்கு வேற என்ன சொல்றது? ஆறுதலா ரெண்டு வார்த்த. பிஸ்னஸ் வேற லா."

முன்வரிசையில் ஒருவர் மெல்லச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் இன்னும் காதில் இருக்கிறது. பொய் சொன்னதைக்கூட ஒருவேளை ஒருநாள் மறப்பேன். அந்தப் பொய்யை ஓர் உபகாரம்போல் எடுத்து வைத்தாரே, அதை மறக்க மாட்டேன்.

"அப்ப அவ படத்த எறக்குங்க" என்றேன். யாரும் அசையவில்லை. நானே நடந்து போய் அந்த இளைஞனின் லேப்டாப்பை அழுத்தி மூடினேன். புல்லாங்குழல் நின்றது. திரை வெள்ளையானது. "எமோஷனல் ஆயிட்டாங்க, பாவம். டீ குடுங்க அவங்களுக்கு" என்று டத்தோ யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. மறுவாரம் அவர் ஆபீசிலிருந்து போன் வந்தது. விளம்பரப் படத்துக்கு உன் புகைப்படத்தை ஏந்திக்கொண்டு நான் நிற்க வேண்டுமாம். உன் நெருங்கிய தோழி என்பதால் ரொம்ப இயற்கையாக இருக்குமாம். போனை வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

கூலிமில் முதல் ஆட்டத்துக்கு மட்டும் போனேன். தொழிற்சாலையே பஸ் ஏற்பாடு செய்தது. ஷிப்ட் முடிந்து நேரே வந்த பிள்ளைகள் பிளாஸ்டிக் இருக்கையில் தலை சாய்ந்து தூங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களோடுதான் நானும் நின்று உழைக்கிறேன். அவர்களுக்கும் ஓர் அணி வேண்டும் என்றால் புதிதாக ஒன்றைத் தொடங்கித் தந்திருக்கலாம். அவர்கள் ஊர்ப் பிள்ளைகளை வைத்து, அவர்கள் இஷ்டப்பட்ட பெயரில். அதற்குப் பொறுமை வேண்டும். நம்முடையதைத் தூக்கிவந்து வைப்பது சுலபம். கூட்டம் கத்தாததால் கைதட்டலையும் ஆரவாரத்தையும் ஒலிபெருக்கியில் போட்டார்கள். கோல் விழும்முன்பே ஆரவாரம் வந்தது. இடைவேளையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த டத்தோவின் ஆள் போனில் சொல்லிக்கொண்டிருந்தான்: "இதும் செட் ஆகல பாஸ். அடுத்த சீசன் ஜொகூர் பாத்துருவோம்."

ஹாபிஸை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. பயிற்சியைக் கூலிமில் காலை நேரத்துக்கு மாற்றினார்கள். வயலை விட்டுவிட்டு யானிலிருந்து தினமும் அவனால் வர முடியுமா? "ஜவோ சங்காட், காக்" என்று மட்டும் என்னிடம் சொன்னான். ரொம்பத் தூரம் அக்கா என்று. நம் பாடாங்குக்கு அவன் வந்ததும் பக்கத்திலிருந்து இல்லை. அப்போதெல்லாம் ஒருநாளும் தூரம் என்று சொன்னதில்லை.

ஆனால் அவன் திரும்பி வந்தான். ஒரு சனிக்கிழமை பாடாங்கில் தனியாகப் பந்தை உதைத்துக்கொண்டிருந்தவனைப் பார்த்து ரோட்டில் போனவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். அடுத்த வாரம் ஓர் அணிக்கு ஆள் சேர்ந்தது. இப்போது மாவட்ட லீக்கின் அடிமட்டத்தில் ஆடுகிறோம். பழைய பெயரை வைக்க முடியாது, அது டத்தோவுக்குச் சொந்தமாம். உன் பெயரை வைக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். உன் முகத்தை அவர்கள் பயன்படுத்தியதே போதும். வெறும் ஊர்ப்பெயரை வைத்திருக்கிறோம்.

"போகட்டும் விடுக்கா" என்று உன் தம்பி சொல்கிறான். நல்ல மனதோடுதான் சொல்கிறான். நீ போன துக்கம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிட்டது. சில நாள் உன்னை நினைத்துச் சிரிக்கக்கூட வருகிறது. இந்த அருவருப்பு மட்டும் பழகவில்லை. பழக விடவும் எனக்கு விருப்பமில்லை. அது போய்விட்டால் அடுத்த டத்தோ வந்து கையைப் பிடிக்கும்போது நான் மறுபடி கும்பிட்டுவிடுவேன்.

போன வாரம் லீக்கிலிருந்து ஒருவர் ஆட்டம் பார்க்க வந்தார். நன்றாக ஆடுகிறோமாம், இப்படியே போனால் மேலே வரலாமாம். "அப்படி வந்தா, வசதியான ஊருக்கு மாறிக்க நீங்க ரெடியா?" என்று கேட்டார். சும்மா தெரிந்துகொள்ளத்தான், இப்போதே முடிவு சொல்ல வேண்டாம் என்றார்.

"மாட்டோம்" என்றேன்.

யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். அவர் காரில் ஏறிப் போனார். நான் சேற்றில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லைக் கயிறு தளர்ந்திருந்த பக்கம் போய்க் கயிற்றை இழுத்துக் கட்டினேன். இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது.