பம்மல் குவாரியும் உன் அப்பாவும்

அன்பு மகள் ஜெரூஷாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் சுகம், நார்வே குளிரில் உனக்கு ஒரு குறையும் வராதபடி ஜெபிக்கிறேன். அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, நீ விட்டால்தானே. வாட்ஸ்அப்பில் தட்டினால் அவர் எடுத்துப் படித்துவிடுகிறார், அதனால் காகிதத்தில் எழுதி எதிர்வீட்டு யூனிஸ் டீச்சர் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்த மனிதரைப் பம்மல் கல்குவாரிக்குள் இறக்கிவிட உனக்கு எப்படி மனசு வந்தது? லீவில் வந்தபோது உன் ஆராய்ச்சிக்கென்று பாதி அளந்தாய், மீதியை அவர் தலையில் கட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டாய். பாறை உடைந்து ஒன்றின் மேல் ஒன்று வழுக்கினபோது விழுந்த கீறலாம், அதன் திசையையும் சாய்வையும் போனை ஒட்டிவைத்து அளந்தால், கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் பூமி எந்தப் பக்கமிருந்து நெருக்கப்பட்டது என்று கண்டுபிடித்துவிடலாமாம். சாப்பிட உட்கார்ந்தால் இதே பேச்சு, சப்பாத்திப் பலகையைச் சாய்த்துவைத்து எனக்கு வேறு பாடம் எடுத்தார். வாத்தியார் புத்தி போகுமா, ரிட்டயர் ஆன பிறகும் சாக்பீஸோடு போய், அளந்த இடமெல்லாம் எண் போட்டுவிட்டு வந்தார். இப்போது என்னைக் கூப்பிட்டு, சாய்வு சரி, திசை எல்லாம் தப்பு, போன் உறை மூடியில் இருக்கிற காந்தம் திசைகாட்டியை இழுத்துவிட்டது என்கிறாய். அந்த உறையை வாங்கிக் கொடுத்ததே நீதானே! இன்னொரு தடவை போக முடியுமா என்று, காரணம் சொல்லாமல், அவரிடமும் கேட்டுத் தொலைத்திருக்கிறாய். திங்கட்கிழமை முதல் கட்டட இடிபாட்டைக் கொட்டிக் குவாரியை மூடப்போகிறார்களாம், அதனால் நாளைக்கே போயாக வேண்டும் என்று ஷூவைத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறார். டாக்டர் சொன்னதைச் சொன்னால் காதிலேயே விழுவதில்லை.

அதனால் அவர் மாத்திரை போட்டுத் தூங்கும் மத்தியானங்களில் நானும் யூனிஸும் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்த் திசைகளை அளந்துவிட்டோம். யூனிஸின் உறையில்லாத போன்தான், பயப்படாதே. அளப்பதற்கு முன்னால் போனை எட்டுப் போடுகிற மாதிரி சுற்றச் சொல்கிறது, அதைப் பார்த்த வாட்ச்மேன், இன்னாம்மா கல்லுக்கு ஆரத்தி எடுத்துகினு கீறீங்க என்று கேட்டுச் சிரித்தான். ஒரு பாறைச் சுவரில் செங்குத்தாக ஒரு கீறல், படுக்கையாக ஒரு கீறல், எது பிந்தியது என்று கேட்டிருந்தாயே, படுக்கைக் கீறல்தான் மற்றதை வெட்டிக்கொண்டு போகிறது, விரலால் தடவியே பார்த்தேன். ஏறி வரும்போது எனக்கே மூச்சு வாங்கியது, இதில் அவர் எப்படி ஒரு வாரம் ஏறி இறங்கினார் என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன் ஜெரூ. யூனிஸ்தான் தண்ணீர் கொடுத்து எழுப்பினாள்.

எண்களெல்லாம் இதோடு வருகின்றன. நாளைக் காலை அவர் ஷூ போடுவதற்குள் போன் செய்து, போதும் அப்பா, எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று சொல். காந்தம், உறை என்று வாயைத் திறக்காதே. கால்சியம் மாத்திரையை மறக்காதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஆராய்ச்சிப் புத்தகத்தில் நன்றி சொல்லும் பக்கத்தில், அளந்தவர் ஜீவரத்தினம் என்று அப்பா பெயரை மட்டும் போடு, என் பெயர் வேண்டாம். சாய்வெல்லாம் அவர் அளந்ததுதானே, பொய்யாகாது.

இப்படிக்கு,
உன் மேல் இன்னும் கோபம் தீராத அம்மா
சரோஜினி
கிழக்குத் தாம்பரம்