டிராக்டர் எங்கேயும் போகாது

என்னங்க,

நீங்கள் வரச் சொன்ன பழைய இரும்புக்காரர் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். என் புல்வெட்டும் டிராக்டர் எங்கேயும் போகாது. அதை ஓட்டித்தான் நாலு வீட்டுத் தோட்டத்தில் சம்பாதிக்கிறேன்.

டிராக்டரின் பேரிங் கழலவில்லை என்று நேற்றெல்லாம் சுத்தியலால் அடித்தீர்களே, அது கழலாதது துரு பிடித்ததால் இல்லை. நீங்கள் கழற்றிய திருகுக்கு அடியில், அதே துளைக்குள், இன்னொரு திருகு பேரிங் மாட்டியிருக்கும் தண்டை இறுக்கிப் பிடித்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். எண்ணெய் விட்டு ஊற வைத்திருக்கிறேன். அதைக் கழற்றச் சரியான அளவில் ஆலன் கீ, அந்த அறுகோணச் சாவி, வாங்கப் போகிறேன்.

"உனக்கு என்னடி தெரியும்?" என்றீர்கள். இப்போது உங்களுக்கும் தெரியும்.

சாப்பாடு அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். வீங்கிய கைக்குத் தைலம் தடவுங்கள்.

பி.கு. டிராக்டர் நிற்கும் ஷெட்டின் சாவியைத் தேட வேண்டாம். என் இடுப்பில் இருக்கிறது. தைரியமிருந்தால் வந்து கேளுங்கள்.