இந்த மாதத்தின் பங்களிப்பாளர் நானில்லை

செவ்வாய், 4 நவம்பர்

மழை. முருங்கைக்காய்ப் பெட்டி நனைந்து வந்தது. அதற்கும் முதலாளி என்னைத்தான் பார்த்தார், பாரிஸ் லா சப்பல் மேகத்துக்கு நான் பொறுப்புப்போல.

செய்திமடல் வந்துவிட்டது. நாங்கள் தமிழ் போட்டுக்கொடுக்கும் மென்பொருளின் மாதச் செய்திமடல். இணையத்தளம் நடத்துகிற மென்பொருள். சொந்தக்காரன் கிடையாது, யாரும் திருத்தலாம், யாரும் பாவிக்கலாம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் தளமும் அதில்தான் ஓடுகிறது.

மூன்றாம் பக்கத்தில் நான்! "இந்த மாதத்தின் பங்களிப்பாளர்." பாரிசிலிருந்து ஒருவர். விடியவும் வேலை, மத்தியானமும் வேலை, பின்னேரமும் வேலை. எப்போது ஓய்கிறார் என்று யாருக்கும் தெரியாதாம். செய்திமடலைத் தமிழாக்குவதும் என் பொறுப்பு, அகராதியும் கையுமாக. ஆக, என்னைப் புகழ்ந்ததை நானே தமிழாக்கினேன். "அயராத" என்ற சொல் மூலத்தில் இல்லை. அது என் அன்பளிப்பு.

ஊரில் சாதாரணதரப் பரீட்சையில் கணிதம் இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கவிழ்ந்தவன். மகள் ஆரணிக்குக் காட்டினேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "பப்பா, மே து டோர் தூ ல தாம்." எந்த நேரமும் நித்திரைதானே என்கிறாள்.

உண்மை: மென்பொருளில் என் பெயரில் கணக்கு ஒன்று, ஆட்கள் மூன்று. விடியற்காலை மலர். செவ்ரானில் ரெயின் ஏறினால், கந்தோர் கூட்டித் துடைக்கும் வேலையிடத்துக்கு வந்து சேரும்வரை போனில் தட்டிக்கொண்டு வருவாள். மத்தியானம் குகன். ஸ்டாலின்கிராட் மெற்றோவடி ரெஸ்ரோறன்ட் குசினியில் சமையல், இடைவேளையில் தட்டுவான். பின்னேரம் நான், கடைச் சாமான் அறையில். கடவுச்சொல் ஒரு துண்டில், கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. நாங்கள் வந்த காலத்தில் தபால்பெட்டியில் ஒருவனின் பெயர், உள்ளே எட்டுப் பேரின் கடிதம். அதே பழக்கம். பிழையென்று தோன்றவேயில்லை.

மற்ற இரண்டு பேருக்கும் செய்திமடலை அனுப்பவில்லை. நாளைக்கு.

வியாழன், 6

குளிர். நாளைக்கு என்றது இன்னும் நாளைக்குத்தான்.

காலையில் குகனின் போன் கோல். "அண்ணை, கடவுச்சொல்லை மாத்திப்போட்டியளோ? மாதத்தின்ரை பெரியாள் எண்டவுடனை எங்களை வெளியில விட்டாச்சோ?" வாசித்துவிட்டான். முகம் தெரியாத கோல், நல்லகாலம்.

நான் மாற்றவில்லை. பின்னேரம் மென்பொருள்காரரிடமிருந்து கடிதம் வந்தது, அகராதி தேடப் பொறுமையில்லை, ஆரணி வாசித்தாள். செய்திமடலைப் பார்த்த யாரோ முறைப்பாடு: ஒரு மனிதனால் இவ்வளவு முடியாது, இது இயந்திரம் செய்த தமிழ். அங்கே இயந்திர மொழிபெயர்ப்புக்குத் தடை. விசாரணை முடியும்வரை கணக்குக்குப் பூட்டு. 20ஆம் திகதிக்குள் தீராவிட்டால் மென்பொருளின் அடுத்த பதிப்பில் தமிழ் இல்லை.

என்னை இயந்திரமாம். உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தையே போடத் தெரியாதவனை.

தமிழ் போனால் என்ன ஆகும்: பள்ளித் தளத்தில் பொத்தான்கள் எல்லாம் ஆங்கிலமாகும். அறிவித்தல் போடுவது மலர். ஆங்கிலம் வரிக்கு வரி அகராதியோடுதான், பிரெஞ்சு பேச்சளவில். "வெளியிடு" என்று தமிழில் இருப்பதால்தான் இன்றைக்கு வகுப்பில்லை, ரெயின் ஓடாது என்று அவளே போடுகிறாள். தமிழ் வருவதற்கு முன் என்னிடம் சொல்லுவாள். நான் மறப்பேன். பிள்ளைகள் பூட்டின கதவடியில் நிற்கும்.

வெள்ளி, 7

இங்க்ரிட் என்ற அம்மாவோடு வீடியோவில் பேச்சு. மென்பொருளில் மொழிகளுக்கு அவர்தான் பொறுப்பு. சாமான் அறை, தேங்காய்ப்பால் பெட்டிகளுக்கு நடுவில் நான். பக்கத்தில் ஆரணி, மொழிபெயர்க்க.

மூன்று பேர் என்று சொன்னேன். அம்மா தலையில் கை வைத்தார். ஒரு கணக்குக்கு ஓர் ஆள், அது விதி. மூன்று பேரென்றால் அந்தக் கணக்கின் வேலை முழுவதையும் அழித்து எடுத்துவிட வேண்டும். பிறகு குரலைத் தணித்து, நல்ல மனதோடுதான், ஒரு வழி சொன்னார். எல்லாம் நானே செய்தது, இயந்திரம் தொடவில்லை என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும். மூன்று பேர் என்றது அவர் காதில் விழவேயில்லையாம். உடனே பூட்டுத் திறக்கும்.

"ஓம்" என்றேன். யோசிக்கவில்லை. ஆரணி அதை மொழிபெயர்க்காமல் என்னையே பார்த்தாள். "யெஸ் எண்டு சொல்லு பிள்ளை." சொன்னாள். பிறகு வீட்டுக்குப் புறப்பட்டோம். மெற்றோவில் சொன்னாள்: "தே ப தூ சேல், பப்பா." நீங்கள் தனியாள் இல்லையே.

சனி, 8

பேருக்கு வெயில். பள்ளி. வகுப்புக்கு முன் மலரைப் பிடித்து நற்செய்தி சொன்னேன். நற்செய்தி என்றுதான் நினைத்தேன்.

"நான் கையெழுத்து வைச்சால் தமிழ் நிக்கும், தங்கச்சி. ஆரின்ரை பேரில இருந்தால் என்ன?"

கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தாள்.

"அண்ணை, இஞ்சை வந்து ஏழு வருஷம் நான் ரஞ்சினி. தெரியுந்தானே?"

தெரியும். விசா இல்லாத காலம். ரஞ்சினி என்ற ஒருத்தியின் விசாவில், அவள் பெயரில் கந்தோர் கூட்டினாள்.

"ரஞ்சினி எண்டு கூப்பிட்டால் திரும்போணும். திரும்பினனான். ஒருநாள் படியில விழுந்து கை முறிஞ்சது. அதையும் ரஞ்சினியின்ரை கை எண்டுதான் எழுதினவங்கள். விசா கிடைச்ச அண்டைக்கு என்ன செய்தனான் தெரியுமோ? வீட்டில ஒருத்தரும் இல்லாத நேரம், என்ரை பேரை நானே ரெண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தனான்."

"இது அப்பிடியில்லைத் தங்கச்சி. சம்பளமில்லாத வேலை..."

"சம்பளமில்லாத வேலையிலயும் நான் வேறை ஆளோ? முந்தி ரஞ்சினி, இப்ப ஜெகன் அண்ணையோ? மீசை வைக்கட்டே?"

சிரிப்பு வந்தது. சிரிக்கத் துணிவு வரவில்லை.

"தமிழ் போனால் உனக்குத்தானே கஷ்டம். எல்லாம் இங்கிலிசில வரும்."

"வரட்டும். எந்தப் பொத்தான் எந்த மூலையில எண்டு எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு அமத்துவன். நீங்கள் கையெழுத்து வையாதேங்கோ."

வகுப்புக்குள் போய்விட்டாள். தும்புத்தடியால் அடித்திருந்தால் நோவு குறைவாக இருந்திருக்கும்.

ஞாயிறு, 9

கடை லீவு. காலை முழுக்கக் கடிதம். நகல் இங்கே கிடக்கட்டும்:

"இங்க்ரிட் அம்மாவுக்கு. வெள்ளிக்கிழமை ஓம் என்றது என் பிழை. கையெழுத்து வைக்கமாட்டேன். அந்த வேலையைச் செய்தது மூன்று பேர். கணபதிப்பிள்ளை தவமலர், விடியற்காலை. செல்வராசா குகன், மத்தியானம். நான் பின்னேரம், அதுவும் கடையில் சனம் இல்லாவிட்டால். உங்கள் செய்திமடல் புகழ்ந்த ஆள் உலகத்தில் இல்லை. திருத்தம் போடுங்கள். வேலையை எடுப்பதென்றால் எடுங்கள். மூன்று பேரும் மூன்று கணக்குத் திறந்து முழுவதையும் திரும்பப் போடுவோம். 20 வரை நாள் இருக்கிறது."

ஆரணி ஆங்கிலமாக்கினாள். "பப்பா, 'தயவுசெய்து' எண்டு ஒண்டு போடட்டா?" தமிழில் கேட்டாள்! இருந்தும் வேண்டாமென்றேன். அனுப்பியாயிற்று.

குகனுக்குச் சொன்னேன். "முழுக்கத் திரும்ப அடிக்கிறதோ? அண்ணை, உங்களுக்கு விசர்." உடனேயே: "என்ரை பேரை வடிவா எழுதினியளோ?"

செவ்வாய், 11

நாட்டுக்கு லீவு, எங்கள் கடைக்கு இல்லை. பதில் வந்தது. சரியாம். பழையதெல்லாம் எடுத்தாயிற்று. 20 பின்னேரம் ஆறு மணிக்குப் பதிப்பின் கதவு மூடும், ஒருவருக்கும் சலுகையில்லை. திருத்தம் பற்றி ஒரு சொல் இல்லை.

மூன்று பேரும் சாமான் அறையில். யார் எதைச் செய்தது என்று பிரிக்க வேண்டும். கலியாண வீடு முடிந்து இரவல் பாத்திரம் பிரிக்கிற மாதிரி.

"'மன்னிக்கவும், பக்கம் கிடைக்கவில்லை', அது என்ரை," என்றான் குகன்.

"அது என்ரை," என்றாள் மலர். "ரெயின் நடுவழியில ஒரு மணித்தியாலம் நிண்ட அண்டைக்கு எழுதினது. இல்லாட்டில் அப்பிடி ஒரு மன்னிப்பு வருமோ?"

"அப்ப 'குப்பைத்தொட்டி' எனக்கு," என்றான் குகன்.

"அது உங்களுக்குத்தான். ஒருத்தரும் பிடுங்க வரேல்லை."

பிரித்து முடிய: அதிகம் மலருக்கு. அடுத்தது குகனுக்கு. மாதத்தின் பங்களிப்பாளர் மூன்றாவது இடம். போட்டியில் இருந்ததும் மூன்று பேர்தான்.

ஞாயிறு, 16

கழுத்துப் பிடிப்பு. பூசுமருந்து மணம். மனிசி கட்டிலில் தள்ளிப் படுக்கிறாள்.

மலர் தன் பங்கை முடித்துவிட்டாள். "அண்ணை, உங்கடையைத் தாங்கோ, நான் அடிச்சுத் தாறன்." கொடுக்கவில்லை. பெயர் என்றால் எல்லாருக்கும் பெயர்தான். அவளே சொன்ன சட்டம்.

குகன் தட்டிக்கொண்டு நின்றதில் ஒரு சட்டி வெங்காயம் கருகிவிட்டதாம். முதலாளி கத்தினாராம். "தமிழைக் காப்பாத்துறன் எண்டனான் அண்ணை. வெங்காயத்தையும் காப்பாத்தடா எண்டிட்டுப் போட்டார்."

வியாழன், 20

மழை. மத்தியானம் குகன் முடிவு. என்னிடம் கடைசிப் பக்கம். ஐந்து மணிக்கும் முடியவில்லை. மலர் வேலை முடிந்து வந்து கல்லாவடியில் நின்றாள். தொடவில்லை, பார்த்துக்கொண்டு நின்றாள். அது தொடுவதைவிட மோசம். ஒரு அம்மா கத்தரிக்காய்ப் பையோடு: "தம்பி, நிறுக்கப் போறியளோ இல்லையோ?" மலர் வாங்கி நிறுத்தாள். நான் கடைசி வரியை அமத்தினேன். ஆறுக்குப் பத்து நிமிசம்.

திங்கள், 24

செய்திமடல். புதுப் பதிப்போடு சேர்த்து இந்த முறை முந்தியே வந்துவிட்டது. தமிழ் இருக்கிறது! திருத்தமும் இருக்கிறது, ஒரு வரி, அடியில், சின்ன எழுத்தில். மூன்று பெயர்களும் வேறு பக்கத்தில். தலைப்பு: "புதிதாக இணைந்தவர்களை வரவேற்கிறோம்."

மலருக்கு அனுப்பினேன். உடனே கோல்.

"பேர் வடிவா வந்திருக்கு அண்ணை. அப்பான்ரை பேரும் முழுசா நிக்குது." பிறகு தலைப்பையும் வாசித்தாள். "அது சரி, ஆர் புதுசு? மூண்டு வருஷம் விடியக் காலமை ரெயினில நிண்டுகொண்டு அடிச்சவள் புதுசோ?"

"நான் இண்டைக்கே இங்க்ரிட்டுக்கு எழுதுறன்."

"நீங்கள் ஏன்? எனக்குக் கணக்கு இருக்கு. நான் எழுதுறன்."

"ஆரணியை இங்கிலிசில போடச் சொல்லட்டே?"

வேண்டாமாம். தமிழிலேயே எழுதப்போகிறாளாம். அவர்கள் ஆள் பிடித்து வாசிக்கட்டுமாம்.