கொடிக்கம்பி

அன்புள்ள தேவானைக்கு,

பாலவாக்கத்தில் உன் தங்கை வீட்டுக் காற்றில் விரல் எரிச்சல் குறைந்ததா? இங்கே பால்கனியில் துணி காயப்போடும் கம்பியை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டிவிட்டேன்.

போனில் சொல்ல வாய் வரவில்லை. வெளிநாட்டுக்காரர்களோடு நான் பேசும் ஹாம் ரேடியோவுக்காக மொட்டைமாடியில் வைத்திருந்த ஆன்டெனாவைக் குடியிருப்புச் சங்கத்தார் கழற்றச் சொன்னார்கள் இல்லையா? அதன்பிறகு அந்தக் கொடிக்கம்பியைத்தான் யாருக்கும் தெரியாமல் ஆன்டெனாவாக்கினேன். நான் ரேடியோவில் பட்டனை அழுத்திப் பேசும்போது கம்பியில் மின்சாரம் ஏறும்; அப்போது அதைத் தொட்டால் விரல் சுடும்.

"இன்னாங்க, கொடி கடிக்குது" என்று நீ ஓடிவந்த முதல் நாள், நீ அங்கே நின்றது எனக்குத் தெரியாது. இரண்டாம் நாள் தெரியும். ரேடியோவில் ஜப்பான்காரர் ஒருவரின் குரல் மெலிதாகக் கிடைத்தது. விட மனமில்லாமல் பட்டனை அழுத்தினேன்.

"கம்பியில ஒண்ணும் இல்ல, உன் நரம்புதான் வீக்கா கீது" என்றேன். நீ அதையே போய்ச் சொல்ல, டாக்டரும் நரம்புக்கு மாத்திரை எழுதினார். இருபது நாள் நானே தண்ணீரோடு எடுத்துக் கொடுத்தேன். "உங்கள மாதிரி யாரு பாத்துக்குவாங்க" என்றாய்.

இந்தக் கடிதத்தை டாக்டரிடம் காட்டு. மாத்திரையை நிறுத்தச் சொல்வார். உன் கையில் நோய் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
உன்னை வந்து கூப்பிடத் துணிவில்லாதவன்